நடுவர் முன்ஜியின் பத்துச் சுற்று

கடலோர ஊரான மெஹ்தியாவின் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவுச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் முன்ஜி. வாரத்தில் ஐந்து நாள் சான்றிதழ்களில் முத்திரை குத்துவான். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு விசிலோடு மைதானத்தில் இறங்கிவிடுவான். பதினாறு வருஷமாக வட்டாரக் கால்பந்துப் போட்டிகளுக்கு அவன் நடுவர். அதில் கிடைப்பது பஸ் செலவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் சன்னலுக்கு வருகிறவர்கள் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள், அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. மைதானத்தில் அவன் கையைத் தூக்கினால் இருபத்திரண்டு பேர் அப்படியே நிற்பார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

இளவயதில் ஒல்லியான ஆள். கல்யாணப் போட்டோவில் சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கும். உடம்பு எப்போது ஏறியது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மகள் படிக்க ஸூஸ் நகரத்துக்குப் போன பிறகுதான் என்பாள் அவன் மனைவி வஸீலா. மகள் போனாள், ஆனால் வஸீலா பானையை மாற்றவில்லை. மூன்று பேருக்கு வெந்த குஸ்குஸ் ரவையில் மகளின் பங்கும் முன்ஜியின் தட்டில் விழுந்தது. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் அவன். மிஞ்சிய துண்டுகளையெல்லாம் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதிலும் ஆலிவ் எண்ணெயிலும் தோய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். காலையில் அலுவலகம் போகும் வழியில் ஷாத்லி கடையில் ஒரு கிண்ணம் லப்லாபி: பிய்த்துப் போட்ட ரொட்டி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் கொண்டைக்கடலைச் சாறு, அதற்கும் மேலே ஒரு முட்டை. பத்து மணிக்கு மூன்று கட்டிச் சர்க்கரை போட்ட டீ. எண்பதில் நின்றிருந்த எடை மூன்று வருஷத்தில் தொண்ணூற்றெட்டு ஆனது.

ஓட முடியாததை அனுபவத்தை வைத்து மூடிக்கொண்டான். பந்து எங்கே போகும் என்று கணித்துக் குறுக்கே நடப்பான். தூரத்திலிருந்தே அழுத்தி ஊதுவான். அழுத்தி ஊதினால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவன் நினைப்பு. கூட்டம் சும்மா இருக்குமா?

"ரெஃப்ரி, ஒரு நாற்காலி போடட்டுமா?"

"மைதானத்துல ரெண்டு பந்து இருக்குப்பா! எது உருளுதுன்னே தெரியல!"

அவனும் சிரித்துக்கொள்வான். கூட்டம் திட்டுவது நடுவரின் சம்பளத்தில் சேர்த்தி.

அந்த மே மாதக் கடைசி ஆட்டத்துக்கு அவன் போயிருக்கவே வேண்டியதில்லை. துறைமுகத்து இளைஞர்களின் அணிக்கும் நாட்டின் உட்பகுதியிலிருந்து வந்த ஓர் அணிக்கும் போட்டி. துறைமுகத்துக்காரர்கள் தோற்காமல் இருந்தால் போதும், தங்கள் பிரிவில் நீடிப்பார்கள். வர வேண்டிய வெளியூர் நடுவர் வழியில் மாட்டிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த முன்ஜியை இரண்டு அணியும் சேர்ந்து கேட்டன. வந்த அணியின் பயிற்சியாளரே, "மெஹ்தியாக்காரரா இருந்தா என்ன? ஸீ முன்ஜி யார் பக்கமும் சாய மாட்டாரு," என்று மரியாதையாக 'ஸீ' போட்டுச் சொல்லிக் கைகொடுத்தார்.

எண்பத்து மூன்றாவது நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒரு கார்னர் உதைக்காகத் துறைமுகத்து அணியில் கோல்காரனைத் தவிர மொத்தப் பேரும் எதிராளி கோல் முன்னால் கூடியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு நீளமான உதை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து மறுபக்கம் விழ, எதிரணி முன்னணி ஆட்டக்காரன் ஒற்றை ஆளாகப் பாய்ந்தான். முன்ஜியும் திரும்பி ஓடினான். பத்து அடியில் மூச்சு வாங்கியது, இருபது அடியில் தொடை கனத்தது. கோல்காரன் அனீஸ் முன்னால் வந்து காலடியில் விழுவது ஒரு நிழல் மாதிரித் தெரிந்தது. அடுத்து அவன் பார்த்தபோது ஆட்டக்காரன் தரையில் புரண்டுகொண்டிருந்தான். முன்ஜி விசிலை ஊதினான். கை தானாகப் பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

அனீஸ் எழுந்து வந்தான். இருபத்தேழு வயது, மீன்பிடிப் படகில் வேலை செய்பவன். பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"ஸீ முன்ஜி, பந்து என் கையில இருக்கு! இதோ பாருங்க, என் கையிலயே இருக்கு!"

கோட்டு நடுவரைப் பார்த்தான் முன்ஜி. அவரும் பின்தங்கித்தான் ஓடிவந்துகொண்டிருந்தார். கொடியைத் தாழ்த்தியே பிடித்திருந்தார். பெனால்டி கோலாகி, துறைமுகத்து அணி தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

உடை மாற்றும் அறையில் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு ஆட்ட அறிக்கையை எடுத்து எழுதினான்: 'பெனால்டி கொடுத்தபோது நான் நாற்பது மீட்டர் பின்னால் இருந்தேன். தவறு நடந்ததை நான் பார்க்கவில்லை.'

கால்பந்துச் சங்கத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, இதை யாரு கேட்டா? முடிவு மாறப்போகுதா? உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்குற."

"பார்க்கலைங்க. பார்த்தேன்னு எப்படி எழுத?"

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. முடிவு மாறவில்லை. ஓட்டத் தேர்வில் தேறும்வரை முன்ஜிக்கு ஆட்டம் கிடையாது.

அவனுக்கு வயது நாற்பத்தைந்து. நடுவர் பட்டியலில் இன்னும் மூன்று வருஷம் இருக்கலாம். விட்டுத் தொலைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம்தான். ஆனால் படுத்தால் அனீஸின் நெஞ்சோடு ஒட்டியிருந்த பந்துதான் கண்ணில் நின்றது. 'ஊதாமல் இருந்திருக்கலாமே. பார்க்காததை ஏன் ஊதினேன்?' அதற்கு ஒரே பதில்தான். அங்கே போய்ச் சேர அவனுக்குக் கால் இல்லை.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள். "சர்க்கரை வாசல்ல நிக்குது, இன்னும் உள்ள வரல. ஓடணும்னு சொல்றீங்க, ஓடுங்க. ஆனா மொதல்ல நடங்க. ரொட்டியைப் பாதியாக்குங்க. டீயில மூணு கட்டியா? அதை மறந்துடுங்க."

மறுநாள் விடியற்காலையில் பழைய காலணியைப் போட்டுக்கொண்டு கடலோரம் இறங்கினான். டாக்டர் சொன்ன நடையை மறந்து ஓடத் தொடங்கினான். மீன்பிடித் துறையைத் தாண்டினால் கோட்டை, அதைத் தாண்டினால் சரிவு முழுக்க வெள்ளைக் கல்லறைகள், அதற்கப்பால் கலங்கரை விளக்கம். கல்லறைகள் தொடங்கும் இடத்திலேயே விலா பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். கீழே படகில் வலையை மடித்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். அனீஸ்.

"அவசரப்படாதே, ரெஃப்ரி! அங்க எல்லாருக்கும் இடம் இருக்கு!"

படகுகளில் சிரிப்பு அலையடித்தது. முன்ஜிக்குக் காது சூடானது. ஆனால் மறுநாளும் போனான். நடந்தான், நூறு அடி ஓடினான், மறுபடி நடந்தான். அனீஸும் தினமும் ஏதாவது கத்துவான். "பந்து அந்தப் பக்கம் போயிடுச்சு!", "ரெஃப்ரி, ஆமை உன்னைத் தாண்டிப் போகுது, பார்த்து!" ஜூன் முடிவதற்குள் முன்ஜி கலங்கரை விளக்கம்வரை நிற்காமல் ஓடினான். அன்றைக்குக் கத்துவதற்கு அனீஸுக்கு ஒன்றும் அகப்படவில்லை. விரலை வாயில் வைத்து ஒரு விசில் மட்டும் அடித்தான்.

வீட்டில்தான் வம்பு வந்தது.

"வஸீலா, இனிமே எனக்குக் கொஞ்சமா வை. ராத்திரி குஸ்குஸ் வேண்டாம். ரொட்டி கால் பங்கு போதும்."

வஸீலா கரண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்துமூணு வருஷமா உனக்கு விஷமா போட்டேன்?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஊரெல்லாம் என் கைப்பக்குவத்தைக் கேட்டு வாங்கித் தின்னுது. நீ கரண்டி போட்டு அளக்குறே. நான் என்ன ஆஸ்பத்திரிச் சமையல்காரியா?"

மறுநாள் தட்டில் வேகவைத்த சுரைக்காய் வந்தது. உப்பில்லை, எண்ணெயில்லை. பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். எதிரே உட்கார்ந்து வஸீலா பொரித்த மீனைத் தின்றாள். முன்ஜி சுரைக்காய் முழுவதையும் தின்று முடித்து, தட்டைக் கழுவி வைத்தான். அடுத்த நாளும் அதேதான். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் அவன் தட்டிலிருந்து ஒரு துண்டைத் தானே எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள் வஸீலா. முகம் கோணியது.

"தூ! இதை மனுஷன் தின்பானா? சொல்லியிருக்க வேண்டியதுதானே!"

"சொன்னா அதுவும் கிடைக்காதேன்னு பயந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. "நீ டாக்டர்கிட்ட போயிட்டு வந்தப்போ எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை தெரியுமா? எங்கப்பாவும் சர்க்கரையிலதான் போனாரு. கோவம் சுரைக்காய் மேல போச்சு."

அன்றைக்கே பெரிய பானையைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள். சுட்ட மத்தி மீன், எலுமிச்சை, சுட்ட மிளகாயையும் தக்காளியையும் மசித்த சாலட், பார்லிக் கஞ்சி என்று சமையல் வேறு திசையில் போனது. ருசி குறையவில்லை. அளவுதான் குறைந்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் முன்ஜியின் கை பழக்கத்தில் ரொட்டிக் கூடையைத் தேடும். அவள் கூடையை அவன் கைக்கெட்டாத முக்காலிக்கு மாற்றிவைத்தாள்.

செப்டம்பரில் பக்கத்து ஊர் மைதானத்தில் தேர்வு. விசில் அடித்தால் எழுபத்தைந்து மீட்டர் ஓட வேண்டும். அடுத்த விசிலுக்குள் கோட்டைத் தொட்டாக வேண்டும். பிறகு இருபத்தைந்து மீட்டர் நடை. மறுபடி விசில். ஒரு சுற்றுக்கு நாலு தடவை. இப்படிப் பத்துச் சுற்று. ஒருமுறை பிந்தினால் எச்சரிக்கை, இரண்டாம் முறை வெளியே.

முன்ஜியின் எடை எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஐந்து சுற்று சுகமாகப் போனது. ஏழாவதில் கால் பின்னியது, எச்சரிக்கை கிடைத்தது. எட்டாவதில் கோட்டுக்கு மூன்று அடி இருக்கும்போது விசில் அடித்துவிட்டது. மஞ்சள் கொடி தூக்கிய ஆள், "நீங்க வெளிய வந்துடுங்க, ஸீ முன்ஜி," என்றார். அவனோடு ஓடியவர்களில் பாதிப் பேர் அவன் மகள் வயதுக்காரர்கள். அவர்கள் ஓடிக்கொண்டேயிருந்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஷாத்லி கடைக்குப் போனான். ஒரு கிண்ணம், பிறகு இன்னொரு கிண்ணம். ஷாத்லி முட்டையை இரட்டையாக உடைத்து ஊற்றினான். அன்றிலிருந்து மூன்று வாரம் காலணி கட்டிலுக்கடியில் கிடந்தது. ரொட்டிக் கூடை முக்காலியிலேயே இருந்தது. அவன் எழுந்துபோய் எடுத்துக்கொண்டான்.

நாலாவது வாரம் ஒரு காலையில் பதிவுச் சன்னலில் வரிசை நகர்ந்து, கம்பிக்கு அப்பால் அனீஸின் முகம் வந்தது. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"பொண்ணு பொறந்திருக்கா. பேரு பதியணும்."

"மப்ரூக், வாழ்த்துகள். அல்லாஹ் நல்லா வெச்சிருக்கட்டும். என்ன பேரு?"

"யாக்கூத்."

முன்ஜி எழுதினான். எழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்திக் காகிதத்தைத் தள்ளினான். அனீஸ் அதை எடுத்தான், ஆனால் நகரவில்லை.

"ஏன் வர்றதில்ல?"

"எங்க?"

"துறைக்கு. காலையில யாரைத் திட்டுறதுன்னு தெரியாம வாய் அரிக்குது."

பின்னால் நின்ற கிழவர் செருமினார். முன்ஜி பேனாவை மூடினான். மே மாதத்திலிருந்து சொல்ல நினைத்தது அந்த நெரிசலில் வெளியே வந்தது.

"அனீஸ், அன்னைக்கு நான் பார்க்கல. பார்க்காமலேதான் ஊதினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க எழுதிக் குடுத்தது ஊருக்கே தெரியும். அதுக்காகத்தான் உங்களை இன்னும் திட்டிக்கிட்டு இருக்கேன். இல்லைன்னா பேச்சே வெச்சிருக்க மாட்டேன்." காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "எங்க பயிற்சியாளரு சொன்னாரு, எட்டாவதுல விழுந்துட்டீங்களாம். தனியா ஓடினா எட்டுல நின்னுடும். படகு போகாத நாள்ல நானும் ஓடணும், கோலுக்குள்ள நின்னு நின்னு எனக்கும் தொப்பை போடுது. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க."

"ஏம்ப்பா, கதையளக்குற இடமா இது?" என்றார் கிழவர்.

மறுநாள் ஐந்து மணிக்கு முன்ஜி துறையில் நின்றான். அனீஸ் மணலில் காலால் இரண்டு கோடு கிழித்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எழுபத்தைந்து மீட்டர். விசிலை அவனே வாங்கி வைத்துக்கொண்டான். பதினாறு வருஷம் மற்றவர்களை ஊதி நிறுத்தியவனுக்கு, தான் விசிலுக்கு ஓடுவது என்னவோ போலிருந்தது.

"ஓடு, ஓடு! பந்து என் கையில இருக்கு, வந்து பாரு!" என்று அனீஸ் முன்னால் ஓடிக்கொண்டே கத்துவான். ஓடும்போது மட்டும் 'நீங்க' போய்விடும்.

குளிர்காலத்தில் வடக்குக் காற்று கண்ணைத் திறக்கவிடாது. சில நாள் அனீஸ் கடலுக்குப் போய்விட, முன்ஜி தனியாக ஓடுவான். ஒருமுறை கணுக்கால் பிசகிப் பத்து நாள் வீட்டில் கிடந்தான். அந்தப் பத்து நாளும் கை ரொட்டிக்குப் போகாமல் இருந்ததுதான் அவனுக்கே ஆச்சரியம்.

ரமலானில் சாப்பாட்டில் வழுக்கினான். சூரியன் இறங்குவதற்கு அரைமணி முன்னால் மெதுவாக ஓடிவிட்டு வந்து, பேரீச்சம்பழத்தோடும் சூப்போடும் நோன்பு திறப்பது என்று வைத்திருந்தான். முதல் வாரம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது வாரம் வஸீலாவின் தங்கை வீட்டு விருந்து. முட்டை வைத்துப் பொரித்த பிரிக் தட்டுத் தட்டாக வந்தது. "நோயாளி மாதிரி சூப்பை உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, மச்சான்!" என்றாள் தங்கை. ரோஷம் வந்து ஐந்து பிரிக் தின்றான். மேலே எட்டு மக்ரூத். தேனில் ஊறிய அந்தப் பேரீச்சை இனிப்பு ஒன்றே ஒருவனைக் கவிழ்க்கப் போதும். மறுநாள் மாலை ஓடியபோது வயிற்றில் கல் கட்டினாற்போலிருந்தது. எடை இரண்டு கிலோ ஏறியது. வஸீலா தங்கைக்குப் போன் போட்டாள்.

"அடுத்த தடவை என் வீட்டுக்காரனுக்கு நீ பிரிக் நீட்டினே, உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அந்த மாதத்தில்தான் அவளும் கூட நடக்கத் தொடங்கினாள். நோன்பு திறந்த பிறகு கோட்டைவரை போய் வருவார்கள். முதல் நாள் பாதி வழியில் அவளுக்கு முழங்கால் வலித்தது. முன்ஜி தோள் கொடுத்தான். இருவரும் கல்லில் உட்கார்ந்து, மகளிடமிருந்து போன் வந்த பிறகு எழுந்து வந்தார்கள்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில் மறுதேர்வு. அனீஸ் கூடவே பஸ்ஸில் வந்தான். உள்ளே விடவில்லை, வேலிக்கு வெளியே நின்றான். முன்ஜி எண்பத்திரண்டு கிலோ. கணுக்காலில் துணி சுற்றியிருந்தது.

ஆறு சுற்றுவரை அவன் யாரையும் பார்க்கவில்லை. முன்னால் கிழித்திருந்த கோட்டை மட்டும் பார்த்தான். ஏழாவதில் பழைய கனம் தொடையில் ஏறியது. அது அவனுக்குத் தெரியும். வந்தால் என்ன செய்வது என்றும் தெரியும். தோளைத் தளர்த்தினான், நடக்கும் இருபத்தைந்து மீட்டரில் மூச்சை முழுக்க வெளியே விட்டான். எட்டாவது சுற்றில் கோட்டைத் தொட்ட பிறகுதான் விசில் கேட்டது. ஒன்பதாவதில் ஒருமுறை பிந்திக் கொடி உயர்ந்தது. இனி ஒரு தவறுக்கும் இடமில்லை. வேலிக்கு அப்பால் அனீஸ் தொண்டை கிழியக் கத்தியதில், காவலாளி வந்து அவன் தோளைப் பிடித்தார்.

கடைசி எழுபத்தைந்து மீட்டரை எப்படி ஓடினான் என்பது முன்ஜிக்கு ஞாபகமில்லை. புல்லில் மல்லாந்து கிடந்தபோது மேற்பார்வையாளரின் முகம் மேலே தெரிந்தது. போன வருஷம் அறிக்கையைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றிய அதே ஆள்.

"எழுந்திருப்பா. தேறிட்டே. கையெழுத்துப் போட வேண்டாமா?"

"ஒரு நிமிஷம்ங்க," என்றான் முன்ஜி. அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது.

மே முதல் வாரம் அவனுக்கு ஓர் ஆட்டம் தந்தார்கள். நாட்டின் உட்பகுதியில் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே புல் முளைக்காத மைதானம். இரண்டுமே பட்டியலின் நடுவிலிருந்த அணிகள். ஏறப்போவதும் இல்லை, இறங்கப்போவதும் இல்லை. பார்க்க வந்தவர்கள் அறுபது பேர் இருந்தால் அதிகம். வெயிலும் புழுதியுமாக ஆட்டம் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. முன்ஜியும் கூடவே போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோதலின் போதும் பத்து அடிக்குள் இருந்தான். ஒருவன் வேண்டுமென்றே விழுந்தபோது, "எந்திரிப்பா, உன் பக்கத்துலதான் நிக்குறேன்," என்றான் மெதுவாக. விழுந்தவன் அசடு வழிய எழுந்து ஓடினான். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டு அணித்தலைவர்களும் கைகொடுத்துவிட்டுத் தங்கள் பஸ்ஸைப் பார்க்கப் போனார்கள். ஒரு வார்த்தை பாராட்டும் இல்லை, வசவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். வஸீலா நடந்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து காலணிக்குள்ளிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கோலே இல்ல."

"யாரும் திட்டலையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினான். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. "எல்லாத்தையும் பார்த்தேன், வஸீலா," என்றான்.

அவள் நகங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தாள். "மொதல்ல காலை இதுல வை. மீன் அடுப்புல இருக்கு, ஒரு பக்கம் வெந்துடுச்சு."